எந்த மொழியில் எத்தனை சொல்: ஸ்ரீராம்புரத்தில் குழந்தையின் வளர்ச்சியை அளப்பது

ஒன்றரை வயதுக் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிவரும் தாயிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிக எளிதாகத் தோன்றுவது, "புள்ள பேசுதா?" என்பது. ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம் போலிருக்கும். பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அது அவ்வளவு எளிதில்லை. எந்தெந்த மொழியில் பேசுகிறது என்று கேட்காமல் அங்கே ஒரு குழந்தையின் பேச்சை அளக்க வழியில்லை. அளக்கத் தெரியாதபோது இரண்டு தவறுகள் நடக்கின்றன. சரியாக வளரும் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் என்ற பெயர் விழுகிறது. காது கேளாத குழந்தையோ, "வீட்ல ரெண்டு பாஷை, அதான் குழம்புது" என்ற சமாதானத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆண்டுகள் மறைந்துகிடக்கிறது. இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அதில் போகும் காலத்தைப் பிறகு எந்தப் பயிற்சியாலும் முழுதாக மீட்க முடிவதில்லை.

மல்லேசுவரத்துக்கு மேற்கே நெருக்கமான சந்துகளும் ஒண்டுக்குடித்தனங்களுமாக அமைந்த பகுதி ஸ்ரீராம்புரம். சுற்றுவட்டாரத்தில் பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் என்று பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து வேலை தேடி வந்த குடும்பங்கள் பல இங்கே தங்கின. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. 2014 மார்ச்சில் இந்தப் பாதையில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது ஸ்ரீராம்புரத்துக்கென்றே ஒரு நிலையமும் வந்தது. மில்கள் போய்விட்டன, தமிழ் தங்கிவிட்டது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வாசலில் தெலுங்கோ உருதோ, நர்சரியில் இங்கிலீஷ் என்று இங்கே பிறக்கும் குழந்தை நடக்கப் பழகும் முன்பே மூன்று நான்கு மொழிகளைக் காதில் வாங்கிவிடுகிறது. அந்தக் குழந்தையைப் பற்றி அரசு வைத்திருக்கும் ஆவணம் தாய்-சேய் பாதுகாப்பு அட்டை. கர்நாடகத்தில் அதைத் தாயி கார்டு என்கிறார்கள். தடுப்பூசிப் பக்கத்தை எல்லாரும் புரட்டிப் பார்க்கிறார்கள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று படத்தோடு சொல்லும் பக்கத்தை நிறுத்திப் படிப்பவர்கள் குறைவு.

அந்தப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. குழந்தை எந்த வயதில் எதைச் செய்யும் என்று மாதவாரியாகக் குறித்துவைக்கும் வேலையை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அர்னால்டு கெசல் 1920களில் பெரிய அளவில் செய்தார். அடுத்து நான்சி பெய்லியின் அளவுகோல். 1967இல் டென்வர் நகரத்துக் குழந்தைகள் 1,036 பேரைச் சோதித்து ஃபிராங்கன்பர்க்கும் டாட்ஸும் உருவாக்கிய டென்வர் சோதனை. டென்வர் குழந்தையின் கணக்கு நம் ஊர்க் குழந்தைக்குப் பொருந்துமா என்ற கேள்வி இங்கே எழாமல் இல்லை. பரோடாவில் பிரமிளா பாடக் பெய்லியின் அளவுகோலை இந்தியக் குழந்தைகளிடம் சோதித்துப் பரோடா அளவீடுகளைத் தந்தார். அவற்றிலிருந்து 17 படிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் அவர் குழுவினரும் 1991இல் ஒரே தாளில் அடங்கும் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். திருவனந்தபுரம் அட்டவணை என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது அதைத்தான்.

அதன் அழகு அதைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. தாளில் பிறப்பு முதல் 24 மாதம் வரை வரிசையாகக் குறித்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கிடைப்பட்டை. பட்டை தொடங்கும் இடம் மிகச் சீக்கிரம் செய்துவிடும் குழந்தையின் வயது. பட்டை முடியும் இடத்துக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் செய்துவிடும். குழந்தையின் வயதுக்கு நேராக ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்கவேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுதாக முடிந்துபோன பட்டை ஏதேனும் இருந்து, அந்தச் செயலைக் குழந்தை இன்னும் செய்யவில்லை என்றால் மேல்சோதனைக்கு அனுப்பவேண்டும். ஐந்தாறு நிமிட வேலை. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஒரு கிலுகிலுப்பை, ஒரு பொம்மை, ஒரு பந்து ஆகியவற்றை வைத்துக்கொண்டே செய்துவிடலாம்.

ஆனால் அந்த 17 படிகளில் பெரும்பாலானவை உடலசைவும் கையசைவும் சார்ந்தவை. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது, பிடித்துக்கொண்டு எழுவது, தனியே நடப்பது என்று போகும். வாய்விட்டுப் பேசுவது குறித்த படி ஒன்றுதான்: இரண்டு சொல் சொல்கிறதா? டென்வர் சோதனையோடு ஒப்பிட்டபோது இந்த அட்டவணை தாமதமுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேரைப் போலக் கண்டுபிடித்தது. மூன்றில் ஒரு குழந்தை தப்பிவிடுகிறது என்பது அதன் மறுபக்கம். ஐந்து நிமிடச் சோதனைக்கு இது மோசமான கணக்கில்லை, முழு நம்பிக்கை வைக்கத் தகுந்ததும் இல்லை. பேச்சுக்கென்றே தனி அளவுகோல் வேண்டும் என்று உணர்ந்து அதே மையத்தார் பின்னாளில் திருவனந்தபுரம் மொழி மதிப்பீட்டு அளவையையும் உருவாக்கினார்கள்.

உடலசைவுப் படிகளில் பெற்றோர் படும் கவலையில் பெரும்பகுதி தேவையில்லாதது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது, நம் பிள்ளை பதின்மூன்று மாதமாகியும் பிடியை விடவில்லை என்ற கவலையைச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான குழந்தை தனியே நடக்கத் தொடங்குவது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். நூற்றில் நான்கு குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழாமலேயே நடக்கப் போய்விட்டன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதை அதிலிருந்து எடுத்தேவிட்டது. அத்திருத்தத்தில் இன்னொரு மாற்றமும் முக்கியமானது. பாதிக் குழந்தைகள் செய்யும் வயதை எழுதுவதை விட்டு, நான்கில் மூன்று குழந்தைகள் செய்துமுடிக்கும் வயதைக் குறிக்கத் தொடங்கினார்கள். சராசரியைக் காட்டினால் பாதித் தாய்மார்கள் வீணாகப் பயப்படுவார்கள், அவர்களிடம் 'பொறுத்துப் பார்ப்போம்' என்று மருத்துவரே சொல்லிப் பழகிவிடுவார் என்பது காரணம்.

தமிழில் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கு இலக்கணம் வகுத்தவர்களும் மாதக் கணக்கு வைத்திருந்தார்கள். ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் தளர்நடையிட்டு வரும் வருகை. கைகொட்டுவதும் நடப்பதும் இன்றைய அட்டவணைகள் காட்டும் காலத்துக்குள்ளேயே விழுகின்றன. குழந்தையை உற்றுப் பார்த்தவர்கள் வகுத்த கணக்கு அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இலக்கியத்துக்கு ஒரு மாதம் போதும். மருத்துவத்துக்கு அந்த மாதத்தின் முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் இயல்பு என்ற எல்லை வேண்டும்.

வீட்டின் அமைப்பும் படிகளை முன்பின் தள்ளும். கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே சார்லஸ் சூப்பர் 1970களில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. அங்கே குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேலைபோலப் பழக்கித் தந்தார்கள், அவை சீக்கிரம் வந்தன. தவழப் பழக்கவில்லை, அது சீக்கிரம் வரவில்லை. ஸ்ரீராம்புரத்தில் பல வீடுகள் ஒரே அறை. அடுப்பு, தண்ணீர்க் குடம், கட்டில், வாசலைத் தாண்டினால் சாக்கடை. குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கவே தாய்க்குப் பயம். தூளியிலும் இடுப்பிலும் பொழுது போகும் குழந்தை தவழச் சற்றுத் தாமதித்தால் அதன் மூளையைச் சந்தேகிக்கும் முன் அதற்குத் தரை கிடைக்கிறதா என்று கேட்கவேண்டும். பாயை விரித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, தினம் சிலமுறை குப்புறப் போட்டு விளையாட விட்டால் போதும். அந்தத் தரையைக் கொடுக்க முடியாதவர்கள் வாங்குவது சக்கரம் வைத்த வாக்கர். நடுவில் உட்கார இடம் வைத்த அந்த வாக்கர் நடையைத் தாமதப்படுத்தக்கூடும், படியிலிருந்து உருட்டிவிடும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் மரத்தச்சர் செய்துதரும் மூன்று சக்கர நடைவண்டி வேறு வகை. குழந்தை தானே எழுந்து நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளவேண்டும். கூட ஒருவர் இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயதையே திருத்திக் கணக்கிடவேண்டும் என்பதைப் பல தாய்மார்களுக்கு யாரும் சொல்வதில்லை. 32ஆவது வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முந்தி வந்தது. அது ஆறு மாதம் முடிக்கும்போது வளர்ச்சிக் கணக்கில் அதற்கு நான்கு மாதம்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்க்கவேண்டும். தடுப்பூசி மட்டும் பிறந்த தேதிப்படியே போடவேண்டும்.

உடலசைவு கண்ணுக்குத் தெரிகிறது. தாமதமானால் பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரிந்துவிடும். பேச்சு அப்படியில்லை. பொதுவாக ஒரு வயதையொட்டி முதல் சொல், இரண்டு வயதில் ஏறத்தாழ ஐம்பது சொல், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவது என்பது மருத்துவர்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. ஸ்ரீராம்புரத்துக் குழந்தையிடம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அது பாலைப் 'பாலு' என்கிறது. கன்னடத்தில் 'ஹாலு'. குழந்தை வாயில் அது 'ஆலு'. இரண்டையும் சொல்லும் குழந்தைக்கு எத்தனை சொல் என்று எழுதுவது? 'தண்ணி'யும் 'நீரு'ம்? யானையைத் தமிழ்ப் பாட்டி 'ஆனை' என்கிறாள், கன்னட அத்தை 'ஆனெ' என்கிறாள். நாய் இரு வீட்டிலும் 'நாயி'தான். 'வேணா' என்று தலையாட்டும் குழந்தை தெருவில் இறங்கியதும் 'பேடா' என்கிறது. 'ஆலு வேணும்' என்று இரு மொழியைக் கோத்துச் சொல்வது இரண்டு சொல் வாக்கியமா, குழப்பமா?

அதில் குழப்பம் இல்லை. முழுமையான இரண்டு சொல் வாக்கியம்தான். அமெரிக்காவின் மியாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை வைத்து பார்பரா பியர்சனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதில் வழி காட்டியது. ஒரு மொழியை மட்டும் எடுத்து எண்ணினால் இருமொழிக் குழந்தை பின்தங்கியதாகத் தோன்றலாம். இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைக்குச் சமமாகவே நிற்கிறது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு குழந்தைக்குத் தமிழில் 30 சொல், கன்னடத்தில் 22, ஆங்கிலத்தில் 6 என்று வைத்துக்கொள்வோம். தமிழ் மட்டும் தெரிந்தவர் கேட்டால் 30 என்று குறித்துத் தாமதம் என்பார். கன்னடம் மட்டும் தெரிந்தவர் 22 என்று குறித்துக் கடும் தாமதம் என்பார். சேர்த்து எண்ணுபவருக்கு 58. குழந்தை சரியாகத்தான் இருக்கிறது. மூன்று பேருக்கும் எதிரே இருப்பது ஒரே குழந்தைதான்.

இந்த இடத்தில்தான் ஓர் ஆலோசனை பெரும் தீங்கு செய்கிறது. குழந்தை பேசத் தாமதிக்கிறது என்றதும், "வீட்டில் ஒரே மொழி பேசுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தை மனதில் வைத்து அந்த ஒரே மொழி ஆங்கிலமாகிவிடுவதும் உண்டு. அந்தத் தாய்க்கு ஆங்கிலத்தில் தெரிந்தது 'கம்', 'சிட்', 'ஈட்', 'நோ'. அன்று முதல் அவள் குழந்தையிடம் பேசும் பேச்சு அந்த நான்கு கட்டளைக்குள் சுருங்கிவிடுகிறது. தமிழில் அவள் கதை சொல்லுவாள், கோபிப்பாள், கொஞ்சுவாள், காய் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை முழுதும் குழந்தையிடம் பேசுவாள். பேச்சு குறைவாக இருக்கும் குழந்தைக்கு மருந்தாக வேண்டிய அந்தப் பேச்சையே ஆலோசனை பறித்துவிடுகிறது. இரு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் கனடாவில் நடந்த ஆய்வுகளில்கூட இருமொழி கேட்டவர்கள் ஒருமொழி கேட்டவர்களைவிடப் பின்தங்கவில்லை. தாய்க்கு எந்த மொழி தாராளமாக வருகிறதோ அதில் பேசட்டும். கன்னடம் தெருவிலிருந்து வரும், ஆங்கிலம் பள்ளியிலிருந்து வரும்.

இருமொழி காரணமில்லை என்றால் பேச்சுத் தாமதத்துக்கு எது காரணம்? "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்", "அவங்கப்பா நாலு வயசுலதான் வாயைத் திறந்தாரு" என்று வீட்டில் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றுப் பின்னால் வருவதும், குடும்பத்தில் தாமதப் பேச்சு தொடர்வதும் உண்மை. இரண்டு வயதில் பேச்சு குறைவாக உள்ள குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோர் தாமே எட்டிப்பிடித்தும் விடுகிறார்கள். எந்தக் குழந்தை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்பதை வீட்டிலிருந்து சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். ஆகவே பேச்சு தாமதம் என்று ஐயம் வந்தால் முதலில் சோதிக்கவேண்டியது காது. வசம்பு உரைத்து நாக்கில் தடவிக் காத்திருப்பதும், ஒரு வயதுக்கு முன் தேன் தொட்டு வைப்பதும் உதவாது. அந்த வயதில் தேன் ஆபத்தும்கூட.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் காது கேளாமையோடு பிறக்கிறார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் தாய்மாமனையோ மாமன் மகனையோ மணமுடிக்கும் வழக்கம் இன்னும் பரவலாக இருப்பதால், மரபுவழி வரும் கேளாமைக்கு இங்கே கூடுதல் வாய்ப்பு உண்டு. உறவில் மணமா என்ற கேள்வியைத் தாயைக் குற்றவாளியாக்காமல், தனியே, அவள் மொழியில் கேட்கவேண்டும். கேளாத குழந்தையும் நான்கைந்து மாதம் வரை குரல் எழுப்பும், சிரிக்கும். கதவு அறைந்தால் அதிர்வு தெரிந்து திரும்பும். தாயின் முகத்தையும் கையையும் பார்த்தே பல விஷயம் புரிந்துகொள்ளும். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து "நல்லா கேக்குதே" என்று குடும்பம் திருப்தியடைவது இப்படித்தான். உண்மையான சோதனை எளிது. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு செருகியை வைத்து மெல்லிய ஒலி அனுப்பினால், நலமுள்ள உட்காது அதற்கு எதிரொலி தரும். கருவி அதைப் பதிவு செய்கிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலி இல்லை. அதில் தேறவில்லை என்றால் அடுத்தது, பெற்றோர் 'பெரா டெஸ்ட்' என்று சொல்லும் மூளைத்தண்டுச் சோதனை.

பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட கால வரிசை. கொலராடோவில் கிறிஸ்டீன் யோஷினாகா-இடானோ 1998இல் காட்டியது இதற்கு அடிப்படை. ஆறு மாதத்துக்கு முன் கண்டறிந்த குழந்தைகளின் மொழி, பின்னால் கண்டறிந்தவர்களுடையதைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. பெங்களூரில் இந்தச் சோதனைகளுக்கு இடம் இல்லாமல் இல்லை. இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் நகரிலேயே இருக்கிறது. 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் மைசூரில் இருக்கிறது. குழந்தையை அங்கே அனுப்பவேண்டும் என்று தோன்றவைக்கும் அந்த முதல் கேள்விதான் குறைவாக இருக்கிறது.

காது நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்கவேண்டியது, குழந்தை மற்றவரோடு சேர்ந்துகொள்ளும் விதம். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பாதது, ஒன்றரை வயதில் விரலால் சுட்டிக் காட்டாதது, முகம் பார்க்காதது, பேசிய சொற்களை எந்த வயதிலானாலும் இழப்பது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இங்கே செல்போன் விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். "இங்கிலீஷ்ல கலர் எல்லாம் சொல்றான், ஏ முதல் இசட் வரைக்கும் சொல்றான்" என்று பெருமையோடு சொல்லப்படும் குழந்தை, தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் கவனியுங்கள். திரை சொன்னதைத் திருப்பிச் சொல்வது ஒப்பித்தல். ஒருவரைப் பார்த்து, ஒன்றை வேண்டிச் சொல்வது பேச்சு. சொல் எண்ணும்போது முன்னதைச் சேர்க்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த அறிவுரை. மல்லேசுவரத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும் கார்மென்ட்ஸ் வேலைக்கும் போகும் தாய், பாட்டியிடமோ எட்டு வயது அக்காவிடமோ போனையும் குழந்தையையும் ஒன்றாக விட்டுப்போகிறாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று 2017இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விதித்தது. வீட்டுவேலை செய்பவளை அந்த விதி எட்டுவதே இல்லை.

பெற்றோருக்கு வழிகாட்டுவது பயனுள்ளதா என்று கேட்பவர்களுக்கு ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம் பதில் சொல்லியிருக்கிறது. 1980களில் சாலி கிரந்தம்-மெக்கிரிகர் தொடங்கிய ஆய்வில், வயதுக்கேற்ற உயரம் வளராத ஏழைக் குழந்தைகள் 129 பேர். அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு உள்ளூர்ப் பெண்கள் வாரம் ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டில் தூக்கிப்போடும் பொருளில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து, குழந்தையோடு எப்படிப் பேசி விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். அவ்வளவுதான். இருபது ஆண்டுக்குப் பின் அக்குழந்தைகள் வளர்ந்து சம்பாதித்தது மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகம் என்று 2014இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்டது. அதே முறையை ஒடிசாவின் கட்டக் நகரக் குடிசைப் பகுதிகளில் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து பார்த்தபோதும் அவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. ஸ்ரீராம்புரத்துக்கு இதைவிட நெருக்கமான சான்று தேவையில்லை. பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் 1990களில் உலக வங்கி உதவியுடன் நடந்த மக்கள்தொகைத் திட்டத்தில் அந்தந்தப் பகுதிப் பெண்களையே 'லிங்க் வொர்க்கர்' என்று எடுத்தார்கள். அதே தெருவில் வசித்து, அதே மொழி பேசும் பெண் வந்து சொல்வது காதில் ஏறும் என்பது இந்த நகரத்துக்குப் புதிதில்லை.

செலவில்லாத இடங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அரை மணி நேரத்தில் பாட்டி பேசாத உறுப்பில்லை. கை, கால், மூக்கு, தொப்புள் என்று ஒவ்வொன்றையும் பிடித்துப் பெயர் சொல்லி, குழந்தை 'ங்கா' என்றால் தானும் 'ங்கா' என்கிறாள். குழந்தைக்கு முறை விட்டு, அது குரல் கொடுத்ததும் பதில் தருவதைத்தான் குழந்தை மருத்துவம் இன்று பெற்றோருக்குக் கற்பிக்க விரும்புகிறது. பாட்டியின் இந்த வழக்கத்தை மருத்துவர் வாய்விட்டுப் பாராட்டினால் மருமகளும் அதை விடமாட்டாள்.

திட்டங்களுக்குக் குறையில்லை. 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத்திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை போகவேண்டும். ஆஷா பணியாளர் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்தாம் மாதங்களில் வீட்டுக்கு வரவேண்டும். ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசி, பதினாறு முதல் இருபத்து நான்கு மாதத்துக்குள் அடுத்த சுற்று. அதற்குப் பிறகு அரசு அட்டவணையில் அடுத்த ஊசி ஐந்து வயதில்தான். அங்கன்வாடியில் குழந்தை அமர்ந்து படிக்கத் தொடங்குவது மூன்று வயதில். ஆக, நோயில்லாத குழந்தையை இரண்டு வயது முதல் மூன்று வயது வரை ஊசிக்கென்று தூக்கிவரவேண்டிய நாள் ஒன்றுகூட வருவதில்லை. சத்துமாவுப் பொட்டலத்தை வாங்கத் தாய் மட்டும் போய்வருகிறாள். பேச்சு பெருக்கெடுக்க வேண்டிய ஆண்டு அது. பேச்சு வராதது வெளிப்படையாகத் தெரியும் ஆண்டும் அதுவே.

இந்த ஓட்டையை அடைக்கப் புதுக் கட்டடம் வேண்டாம். பொட்டலம் வாங்க வரும் நாளில் குழந்தையையும் தூக்கிவரச் சொல்லலாம். தாயி கார்டின் வளர்ச்சிப் பக்கத்தைத் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும் அச்சிட்டு உள்ளே செருகலாம். 'எத்தனை சொல்' என்று கேட்கும் இடத்தில் வீட்டில் பேசும் மொழிகளைக் குறிக்க ஒரு கட்டமும், எல்லா மொழிச் சொல்லையும் சேர்த்து எண்ணச் சொல்லும் ஒரு வரியும் சேர்க்கலாம். அது நடக்கும்வரை தாயே இதைச் செய்துகொள்ளலாம். குழந்தை தானாகச் சொல்லும் சொற்களை ஒரு வாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவையுங்கள். தமிழ், கன்னடம், எதுவானாலும் எழுதுங்கள், 'ஆலு' என்றால் 'ஆலு' என்றே எழுதுங்கள். இரண்டு வயது முடிந்தும் ஐம்பது தேறவில்லை, இரண்டு சொல் சேரவில்லை என்றால் அந்தத் தாளோடு மல்லேசுவரம் கே.சி. ஜெனரல் மருத்துவமனைக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போய், "மொதல்ல காது டெஸ்டுக்கு எழுதிக் குடுங்க டாக்டர்" என்று கேளுங்கள். 'இன்னும் ஆறு மாசம் பாக்கலாம்' என்று பதில் வந்தால், காதைச் சோதித்துவிட்டு அந்த ஆறு மாதத்தைப் பார்க்கலாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.